ஐம்பத்திரண்டில் இருபத்தேழு போனால்...

மூன்றாம் வகுப்பின் கரும்பலகையில் 52 − 27 என்று ஒரு கழித்தல் கணக்கை எழுதிப் போட்டுவிட்டு, நாற்காலியில் போய் அமர்ந்துவிடாமல், தரையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளின் சிலேட்டுகளை ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்துக்கொண்டே மெல்ல நடந்துவரும் ஓர் ஆசிரியையின் கண்ணில் என்னென்ன படும் என்று சற்று எண்ணிப் பார்ப்போம். 25 என்று சரியாக எழுதிவிட்டு அடுத்த கணக்குக்காகத் துடித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள் சிலர் இருப்பார்கள். ஒரு சிலேட்டில் 79 என்றிருக்கும். மற்றொன்றில் 26 என்றிருக்கும். அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கும் இரண்டு பிள்ளைகளின் சிலேட்டுகளில் 35 என்று ஒரே விடை இருக்கும். ஒருவனைப் பார்த்து மற்றவன் எழுதிவிட்டான் என்று அவசரப்பட்டு முடிவு செய்யாமல், அவ்விருவரில் ஒருவனின் அருகில் உட்கார்ந்து, "எப்படிப் போட்டே கண்ணு, சொல்லு பார்ப்போம்" என்று அவர் கேட்டாரானால், இந்தக் கட்டுரை சொல்ல விரும்பும் விஷயத்தின் சாரம் முழுவதும் அந்த ஒரு கேள்வியில் அடங்கிவிடுகிறது.

"ஏழிலே ரெண்டு போனா அஞ்சு டீச்சர், அஞ்சிலே ரெண்டு போனா மூணு" என்பான் முதல் பையன். மேலே இருப்பது எது, கீழே இருப்பது எது என்ற வித்தியாசமே அவனுக்கு இல்லை. பெரிய இலக்கத்திலிருந்து சிறிய இலக்கத்தைக் கழிப்பதுதான் கழித்தல் என்று அவன் மனத்தில் ஒரு விதி பதிந்திருக்கிறது. இரண்டாமவன் வேறு கதை சொல்வான்: "ரெண்டிலே ஏழு போகாது, பக்கத்திலே கடன் வாங்கினா பன்னிரண்டு, பன்னிரண்டிலே ஏழு போனா அஞ்சு, அஞ்சிலே ரெண்டு போனா மூணு." இவனுக்குக் கடன் வாங்கத் தெரிகிறது, கடன் கொடுத்த வீட்டில் ஒன்று குறைந்துபோயிற்று என்பது மட்டும் நினைவில் இல்லை. விடை ஒன்று, ஆனால் அதன் பின்னே இருக்கும் மனங்கள் இரண்டு, அறியாமைகள் இரண்டு, ஆதலால் மருந்தும் இரண்டு. முதலாமவனுக்குத் தீக்குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் வளையம் போட்டுக் கட்டிக் கொடுத்து, ஐந்து கட்டும் இரண்டு குச்சியும் ஐம்பத்திரண்டு என்பதைக் கைகள் உணரும்வரை பல நாள் விளையாட விடவேண்டும். ஏழு குச்சியை எடுத்துக் கொடு என்றால் ஒரு கட்டைப் பிரிக்காமல் தீராது என்பதை அவனே கண்டுகொள்ள வேண்டும். இரண்டாமவனுக்கு அவ்வளவும் வேண்டியதில்லை; பிரித்த கட்டு போக மிச்சம் எத்தனை கட்டு என்று ஒருமுறை கேட்டாலே, "அட, நாலுதான் டீச்சர்!" என்று அவன் தானாகவே தலையில் தட்டிக்கொள்வான்.

79 என்று எழுதிய சிறுமி கழித்தலில் தவறவில்லை. அவள் கழிக்கவே இல்லை, கூட்டியிருக்கிறாள். குறியைக் கவனிக்கவில்லையா, அல்லது குறியின் பொருளே தெரியவில்லையா என்பதை அறிய, அதே கணக்கை ஒரு கதையாக, ஐம்பத்திரண்டு நெல்லிக்காயில் இருபத்தேழைத் தின்றுவிட்டால் என்று சொல்லிப் பார்த்தால் போதும். 26 என்று எழுதியவனோ, எல்லோரையும்விட விடைக்கு அருகில் வந்தவன். கடன் வாங்கும் முறை முழுவதையும் பிழையின்றிச் செய்தவன். பன்னிரண்டிலிருந்து ஏழு எண்ணிக்கை பின்னோக்கிப் போகும்போது, "பன்னிரண்டு, பதினொன்று, பத்து" என்று தான் நின்ற இடத்தையும் ஓர் எண்ணிக்கையாகச் சேர்த்துக்கொண்டதால் ஐந்துக்குப் பதிலாக ஆறில் போய் நின்றுவிட்டான். பரமபதம் ஆடும் குழந்தைக்குக் காய் நிற்கும் கட்டத்தை எண்ணக்கூடாது என்று சொல்லித்தருவதைப் போல இவனுக்கும் சொல்லித்தந்தால் அந்தப் பிழை அன்றோடு ஒழிந்துபோகும்.

இனி, இந்த நான்கு பிள்ளைகளையும் ஒரு பரீட்சைத் தாளின் வழியாகப் பார்ப்போம். நால்வருக்கும் பூஜ்யம், நால்வரும் கணக்கில் மந்தம், ஆதலால் நால்வருக்கும் அதே பாடம், அதே வேகத்தில், மறுபடியும் ஒரு முறை. அவர்களில் ஒருவனுக்குக்கூட அந்தப் பாடம் பொருந்தாது. குழந்தையைப் பற்றி நாம் அறிந்துகொள்ளக்கூடியவற்றில் மிகவும் அற்பமானது எதுவோ அதை மட்டும் பாதுகாத்து வைத்துக்கொண்டு, மிகவும் பயனுள்ளது எதுவோ அதைக் குப்பையில் போட்டுவிடும் காரியத்தையே நாம் நெடுங்காலமாகப் பரீட்சை என்ற பெயரால் செய்துவந்திருக்கிறோம்.

மணலில் தொடங்கிய கதை

மதிப்பீடு என்பது கற்பித்தலினின்றும் பிரிந்து, வருஷக் கடைசியில் வந்து தீர்ப்புச் சொல்லும் ஒரு தனி அதிகாரமாக ஆனது மிகவும் பிற்காலத்திய ஏற்பாடு. நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் மணலில் விரலால் எழுதிப் பழகிய பிள்ளை, அது கைவந்த பிறகே ஓலைக்குப் போவான். ஒருவன் அரிச்சுவடியில் நிற்க, மற்றொருவன் எண்சுவடியில் இருக்க, மூன்றாமவன் நிகண்டை ஒப்பித்துக்கொண்டிருப்பான். எல்லோரும் ஒரே கூரையின்கீழ் இருந்தாலும் எல்லோருக்கும் ஒரே பாடம் என்ற நியதி இருந்ததில்லை. உபாத்தியாயர் ஒவ்வொரு பிள்ளையின் பாடத்தையும் தனித்தனியே கேட்பார். அவருக்கு இயலாதபோது சட்டாம்பிள்ளை கேட்பான். அந்தப் பள்ளிகளைப் பொற்காலமாக வர்ணிப்பது நியாயமாகாது. பிரம்படி அங்கே சர்வசாதாரணம். பொருளறியாமல் நெட்டுருப் போடுவதே படிப்பாக இருந்தது. பெண் குழந்தைகளில் பெரும்பாலோருக்கும், ஒடுக்கப்பட்ட ஜாதிகளில் பிறந்த குழந்தைகளுக்கும் அந்தத் திண்ணைகளில் இடம் இருக்கவில்லை. ஆயினும், பிள்ளை எந்த இடத்தில் நிற்கிறானோ அந்த இடத்திலிருந்து அடுத்த பாடம் தொடங்க வேண்டும் என்ற தத்துவம் அங்கே நடைமுறையில் இருந்தது.

அதன் ஓர் அம்சத்தைக் கடல் கடந்து கொண்டுபோனவர் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார். சென்னை எழும்பூரிலிருந்த ஆண் அநாதைகள் விடுதியின் மேற்பார்வையாளராக இருந்த அவர், நாட்டுப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு, அதைத் தம் விடுதிப் பள்ளியில் புகுத்தி, தேர்ந்த மாணவனைக் கொண்டு அடுத்தவனுக்குக் கற்பிக்கும் முறையை அமைத்து, அந்த அனுபவத்தை 1797 இல் லண்டனில் நூலாக வெளியிட்டார். மதராஸ் முறை என்ற பெயரோடு அது இங்கிலாந்தில் பரவியது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் அவர் கொடுத்த செல்வத்தால் எழுந்த பள்ளி இன்றும் மதராஸ் கல்லூரி என்றே வழங்குகிறது.

சென்னையிலிருந்து அங்கே சென்றது மணலும் சட்டாம்பிள்ளையும். அங்கிருந்து நமக்கு வந்து சேர்ந்தவற்றுள் ஒன்றோ, பரீட்சைத் தேர்ச்சியைப் பார்த்துப் பள்ளிக்குப் பணம் அளக்கும் முறை. இங்கிலாந்தில் 1862 இல் ராபர்ட் லோ என்பவர் முன்னின்று கொண்டுவந்த விதிகளின்படி, ஆய்வாளர் வந்து நடத்தும் சோதனையில் எழுத்து, வாசிப்பு, கணக்கு ஆகியவற்றில் எத்தனை குழந்தைகள் தேறுகிறார்களோ அதற்கேற்பப் பள்ளிகளுக்கு மானியம் கிடைத்தது. சென்னை மாகாணத்திலும் அத்தகைய மானிய முறை பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வழங்கியது. ஆசிரியரின் ஜீவனமே ஒரு நாள் சோதனையில் தொங்கும்போது, ஆய்வாளரின் வருகைக்காகக் குழந்தைகள் பாடப்புத்தகத்தைக் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிக்கப் பழக்கப்பட்டதில் வியப்பென்ன இருக்கிறது? குழந்தையின் தவறு என்பது ஆசிரியருக்குச் செய்தியாக இருந்த நிலைமை மாறி, அது மறைக்கப்பட வேண்டிய குற்றமாக ஆகிவிட்டது. அந்த விதிகள் மறைந்து ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆகியும், அவை உண்டாக்கிய அச்சம் நம் வகுப்பறைகளை விட்டு இன்னும் முற்றாக அகலவில்லை.

குழந்தையின் தவறு தரும் செய்தி

கணக்கில் கண்டதையே வாசிப்பிலும் காணலாம். சொல்லப்போனால் தமிழ் எழுத்தில் அது இன்னும் நுட்பமாகத் தெரியும். "கோழி" என்ற சொல்லைப் பார்த்து "கேழி" என்று வாசிக்கிற ஒரு குழந்தையை எடுத்துக்கொள்ளுங்கள். அது அந்த எழுத்தின் இடப்பக்கத்தில் இருக்கும் இரட்டைக் கொம்பைப் பார்த்துவிட்டது, ககரத்தையும் பார்த்துவிட்டது, ஆனால் வலப்பக்கத்தில் இருக்கும் காலைக் கவனிக்கவில்லை. ஓகாரத்தைப் படிக்கிற கண், எழுத்தின் இருபுறத்தையும் சேர்த்து ஓர் ஓசையாகப் பிடிக்க வேண்டும் என்பது நமக்குப் பழகிப்போனதால் எளிதாகத் தோன்றுகிறதே ஒழிய, ஆறு வயதுக் குழந்தைக்கு அது ஒரு வித்தை. இன்னொரு குழந்தை அதே சொல்லைப் பார்த்து "சேவல்" என்று உரக்கச் சொல்லும். அது எழுத்தைப் பார்க்கவே இல்லை, பக்கத்திலுள்ள படத்தைப் பார்த்தது. மூன்றாவது குழந்தை "கோ" என்றும் "ழி" என்றும் தனித்தனியே சரியாகச் சொல்லிவிட்டு, இரண்டையும் சேர்த்தால் என்ன என்று கேட்டால் விழிக்கும். கொம்பும் காலும் உள்ள எழுத்துகளை அட்டையில் எழுதிக் கலைத்துச் சேர்க்கும் விளையாட்டு முதல் குழந்தைக்கு. படமில்லாத சொல்லட்டை இரண்டாவதற்கு. ஓசைகளைக் கைதட்டிச் சேர்த்துச் சொல்லும் பயிற்சி மூன்றாவதற்கு. மூவருக்கும் "வாசிக்கத் தெரியவில்லை" என்று ஒரே குறிப்பு எழுதுகிற பதிவேட்டால் மூவருக்கும் பிரயோஜனமில்லை.

இன்னும் இளைய பருவத்தில், அங்கன்வாடியில் இருக்கும் நான்கு வயதுக் குழந்தையின் முன்னே புளியங்கொட்டைகளைப் பரப்பி எண்ணச் சொன்னால், வாய் பன்னிரண்டுக்குப் போய்விடும், விரல் ஒன்பதாவது கொட்டையில்தான் இருக்கும். எண்ணுப்பெயர்களை அது பாட்டாகக் கற்றிருக்கிறது. ஒரு பொருளுக்கு ஒரு பெயர் என்ற பொருத்தம் இன்னும் கைகூடவில்லை. இதைக் கண்டுபிடிக்க வினாத்தாள் வேண்டியதில்லை, மதிப்பெண் வேண்டியதில்லை; பக்கத்தில் உட்கார்ந்து அந்த விரலையும் அந்த உதட்டையும் ஒருசேரப் பார்க்கிற ஒரு மனிதர் வேண்டும். ஒவ்வொரு கொட்டையாக எடுத்துக் கிண்ணத்தில் போட்டுக்கொண்டே எண்ணு என்று அவர் சொன்ன மாத்திரத்தில் மதிப்பீடு கற்பித்தலாக மாறிவிடுகிறது. எது எங்கே முடிந்தது, எது எங்கே தொடங்கியது என்று பிரித்துச் சொல்ல முடியாது.

மரியா மாண்டிசோரி அம்மையார் இதையே பொருள்களைக் கொண்டு சாதித்தார். 1907 இல் ரோமாபுரியின் ஏழைக் குடியிருப்பு ஒன்றில் தம் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கிய அவர், 1939 இல் சென்னை அடையாற்றுக்கு வந்து, யுத்த காலம் முழுவதும் இந்தியாவிலேயே தங்கி ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தவர். அவருடைய சாதனங்களில் ஒன்று, பத்துக் குழிகள் உள்ள ஒரு மரக்கட்டையும் அவற்றில் பொருந்தும் பத்து உருளைகளும். சிறிய உருளையைப் பெரிய குழியில் போட்டுவிட்ட குழந்தைக்கு யாரும் தவறு என்று சொல்ல வேண்டியதில்லை. கடைசியில் ஓர் உருளை எந்தக் குழியிலும் அடங்காமல் கையில் நின்றுவிடும். குழந்தை அதைப் பார்க்கும், யோசிக்கும், எல்லாவற்றையும் எடுத்துவிட்டு மறுபடி தொடங்கும். தவற்றைத் திருத்துவதற்கான அறிவு தவற்றிலிருந்தே கிடைக்குமாறு செய்த அந்த மேதைமையைத்தான் ஒவ்வொரு நல்ல ஆசிரியரும் தம் வகுப்பில் வேறொரு வடிவத்தில் செய்துகொண்டிருக்கிறார்.

இவ்விதம் கற்கும்போதே கண்டறிந்து கற்பித்தலைத் திருத்திக்கொள்வதற்கும், கற்று முடித்த பின் அளந்து முடிவு கூறுவதற்கும் உள்ள வேற்றுமையை 1967 இல் மைக்கேல் ஸ்கிரிவன் என்ற அறிஞர் இரு தனிப் பெயர்களால் பிரித்துக் காட்டினார். அவற்றைத் தமிழில் வளரறி மதிப்பீடு என்றும் தொகுத்தறி மதிப்பீடு என்றும் வழங்குகிறோம். கலைச்சொற்கள் பல நாவில் ஒட்டாமல் நிற்கும் நிலையில், வளரறி என்ற சொல் பொருளைக் கண்ணாடிபோல் காட்டுகிறது: வளரும்போதே அறிதல், வளர்வதற்காக அறிதல். 1998 இல் லண்டன் கிங்ஸ் கல்லூரியின் பால் பிளாக், டிலன் வில்லியம் என்ற இருவர் அதுவரை வெளிவந்த ஆராய்ச்சிகளைத் தொகுத்து ஆராய்ந்து, வளரறி மதிப்பீட்டைச் செம்மையாகக் கையாண்டால் குழந்தைகளின் கற்றல் குறிப்பிடத்தக்க அளவு உயர்கிறது என்றும், பின்தங்கிய பிள்ளைகளுக்கே அதனால் விசேஷமான நன்மை என்றும் எடுத்துக்காட்டினார்கள். அதற்குப் பத்து வருஷங்களுக்கு முன்பே, 1988 இல், ரூத் பட்லர் இஸ்ரேலியப் பள்ளி மாணவர்களிடையே நடத்திய ஓர் ஆய்வில், எதைத் திருத்த வேண்டும் என்ற குறிப்பை மட்டும் பெற்ற பிள்ளைகள் முன்னேறினார்கள். மதிப்பெண்ணை மட்டும் பெற்றவர்கள் முன்னேறவில்லை. மதிப்பெண்ணும் குறிப்பும் சேர்த்துப் பெற்றவர்களும் முன்னேறவில்லை. எண்ணைப் பார்த்த கண் எழுத்தைப் பார்ப்பதில்லை.

தமிழ்நாட்டின் பரிசோதனைகள்

இந்த விஷயத்தில் தமிழ்நாடு வெறுங்கையோடு நிற்கவில்லை. 2003 இல், சென்னை மாநகராட்சியின் ஆணையராக எம்.பி. விஜயகுமார் இருந்தபோது, ஆந்திர மாநிலத்து ரிஷிவேலியில் கிராமப் பள்ளிகளுக்காக உருவாகியிருந்த முறையை மாநகராட்சி ஆசிரியர்கள் நேரில் கண்டு வந்து, தங்கள் கைகளாலேயே அட்டைகளைத் தயாரித்து, 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றலைத் தொடங்கினார்கள். 2007-08 ஆம் கல்வியாண்டில் அது மாநிலம் முழுவதற்கும் பரவியது. பெஞ்சுகள் அகன்றன, ஆசிரியரும் பிள்ளைகளோடு பாயில் அமர்ந்தார், சுவரைச் சுற்றிக் குழந்தைகளின் உயரத்துக்குக் கரும்பலகைகள் வந்தன, தலைக்கு மேலே கட்டிய கம்பிப் பந்தலில் அவர்களுடைய சித்திரங்கள் தொங்கின. பாடம் முழுவதும் சிறு சிறு படிகளாகப் பிரிக்கப்பட்டு ஓர் ஏணியாகச் சுவரில் நின்றது. தான் எந்தப் படியில் நிற்கிறோம் என்பதை அதிலுள்ள சின்னங்களைக் கொண்டு குழந்தையே அறிந்து, தனக்கு வேண்டிய அட்டையைத் தானே எடுத்துக்கொண்டது. மதிப்பீடு அந்த ஏணியின் படிகளுக்கு நடுவிலேயே ஓர் அட்டையாக இருந்தது; அதைத் தாண்டியவன் மேலே போவான், தாண்டாதவன் வேறொரு பயிற்சியைச் செய்துவிட்டு மீண்டும் வருவான். பத்து நாள் காய்ச்சலில் கிடந்து திரும்பிய குழந்தைக்கு வகுப்பு எங்கேயோ போய்விட்டது என்ற திகில் இல்லை. விட்ட படியிலேயே அதன் ஏணி அதற்காகக் காத்திருந்தது. அட்டைகளை இயந்திரம்போல் புரட்டும் வழக்கம் சில இடங்களில் உண்டாயிற்று என்பதும், நீண்ட உரைகளைச் சேர்ந்து வாசிக்கும் அனுபவம் குறைந்தது என்பதும் அந்த முறையின்மீது ஆசிரியர்களே கூறிய குறைகள். அவை புறக்கணிக்கத்தக்கவை அல்ல. ஆனால் பரீட்சை என்ற சொல்லுக்கே நடுங்காத ஒரு தலைமுறைக் குழந்தைகளை அது நமக்குக் காட்டியது.

2012-13 இல் எட்டாம் வகுப்பு வரை முப்பருவ முறையோடு தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடு வந்தது. நூற்றில் 40 வளரறிக்கும் 60 தொகுத்தறிக்கும் என்று பகுத்தார்கள். எண்ணம் உயர்ந்ததே, எனினும் வளரறி மதிப்பீட்டுக்கும் மதிப்பெண் என்று ஆனபோது, நாளைய பாடத்தைத் தீர்மானிக்க வேண்டிய குறிப்பு, வருஷக் கடைசிக் கூட்டலுக்கான ஓர் இலக்கமாகப் பல பள்ளிகளில் சுருங்கிற்று. 2019 இல் ஐந்தாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு என்ற அறிவிப்பு வந்தபோது, பத்து வயதுக் குழந்தையின் தலைமீது அந்தப் பாரத்தை ஏற்றலாகாது என்று பெற்றோரும் கல்வியாளரும் எழுப்பிய குரலுக்கு அரசு செவிசாய்த்து, 2020 பிப்ரவரியில் அதைத் திரும்பப் பெற்றது நாட்டுக்கு நடந்த ஒரு நன்மை என்றே சொல்ல வேண்டும்.

அடுத்த மாதமே பெருந்தொற்று வந்து பள்ளிகளை மூடியது. 2021 நவம்பர் 1 இல் தொடக்க வகுப்புகள் மீண்டும் திறந்தபோது, மூன்றாம் வகுப்பில் வந்து அமர்ந்த குழந்தை முதல் வகுப்பைச் சரியாக முடித்திருக்கவில்லை, இரண்டாம் வகுப்பைப் பெரும்பாலும் கண்ணாலேயே பார்த்திருக்கவில்லை. வகுப்பின் பெயரும் குழந்தை நிற்கும் இடமும் இவ்வளவு தூரம் விலகிப்போன சந்தர்ப்பம் அண்மைக்காலத்தில் வேறில்லை. 2022 ஜூன் 13 இல் திருவள்ளூர் மாவட்டத்து அழிஞ்சிவாக்கத்தில் தொடங்கப்பெற்ற எண்ணும் எழுத்தும் இயக்கம், முதல் மூன்று வகுப்புக் குழந்தைகளை வகுப்பால் பிரிக்காமல், அவர்கள் பெற்றிருக்கும் திறனை முதலில் கண்டறிந்து, அரும்பு, மொட்டு, மலர் என்ற நிலைகளில் வைத்துக் கற்பிக்க முற்பட்டது. மறு ஆண்டு நான்காம், ஐந்தாம் வகுப்புகளுக்கும் விரிந்தது. மும்பையில் 1995 இல் தொடங்கிய பிரதம் என்ற தொண்டு நிறுவனம், குழந்தைகளை வயதால் அன்றித் திறனால் குழுப்படுத்திக் கற்பித்துப் பெற்ற வெற்றியை, பின்னாளில் நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டூஃப்லோவும் ஆய்ந்து உறுதிப்படுத்தியிருந்தார்கள் என்பது இங்கே நினைவுகூரத் தக்கது.

அரும்பு, மொட்டு, மலர் என்ற பெயர்களைத் தேர்ந்தவர் யாராயினும் அவருக்கு நம் நன்றி உரியது. அரும்பைப் பார்த்து, தோற்றுப்போன மலர் என்று எவரும் சொல்வதில்லை. அது தன் காலத்தில் மலர இருப்பது. ஆனால் ஓர் எச்சரிக்கையும் அவசியம். ஜூன் மாதத்தில் அரும்பு என்று எழுதப்பட்ட குழந்தை அடுத்த மார்ச்சிலும் அரும்பாகவே உட்கார்ந்திருக்குமானால், அந்தப் பெயர் ஒரு நிலையைக் குறிப்பதை விட்டு, பிறவி முத்திரையாக மாறிவிடும். குழு என்பது இந்த வாரத்துக்கான ஏற்பாடு. வாசிப்பில் மொட்டாக இருக்கும் பிள்ளை கணக்கில் மலராக இருக்கலாம். சென்ற வாரம் கடன் வாங்கத் தெரியாதவன் இந்த வாரம் அடுத்தவனுக்குச் சொல்லிக் கொடுக்கலாம். குழந்தையை இடம் மாற்றத் துணியாத மதிப்பீடு, குழந்தையைப் பார்க்காத மதிப்பீடுதான்.

பதிவேடும் பார்வையும்

இவ்வளவும் சொன்ன பிறகு, ஒரு கசப்பான உண்மையையும் சொல்லாமல் விட முடியாது. தொடர்ந்து மதிப்பிடுதல் என்ற சொல்லைக் கேட்டதும் இன்று பல ஆசிரியர்களின் முகம் வாடுவதற்குக் காரணம், அவர்களுக்குக் குழந்தைகளைப் பார்க்கப் பிடிக்கவில்லை என்பதன்று. பார்த்ததையெல்லாம் பதிவேட்டிலும், பின்னர் கைப்பேசிச் செயலியிலும், ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனியே ஏற்றித் தீர வேண்டியிருப்பதுதான். நம் தொடக்கப் பள்ளிகளில் பெரும்பகுதி ஈராசிரியர் பள்ளிகள். ஐந்து வகுப்புகளை இருவர் பங்கிட்டுக்கொண்டு, அவர்களில் ஒருவர் தலைமையாசிரியர் என்ற முறையில் கடிதங்களையும் கூட்டங்களையும் காலைச் சிற்றுண்டிக் கணக்கையும் மதிய உணவுக் கணக்கையும் கவனித்துக்கொண்டு, மீந்த நேரத்தில் இணையம் கிடைக்கும் மூலையைத் தேடி நின்று விவரம் பதிந்துகொண்டிருந்தால், "எப்படிப் போட்டே கண்ணு" என்று கேட்டுச் சிலேட்டின் பக்கத்தில் உட்காரும் ஐந்து நிமிஷம் எங்கிருந்து வரும்? பார்வைக்கு உதவியாகப் பிறந்த பதிவேடு பார்வையின் நேரத்தையே தின்னத் தொடங்கினால், மிஞ்சுவது பதிவேடு மட்டுமே.

மேலதிகாரிகளுக்கு விவரம் வேண்டாம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். எந்த ஒன்றியத்தில் எத்தனை குழந்தைகளுக்கு வாசிக்க வரவில்லை என்பதை அறியாமல் புத்தகமும் பயிற்சியும் திட்டமிட முடியாது. ஆனால் அதற்கு ஆண்டுக்கு ஓரிரு முறை, சில பள்ளிகளில், சில குழந்தைகளைத் தேர்ந்து பார்த்தாலே போதுமே! ஒவ்வொரு குழந்தையின் ஒவ்வொரு நாளும் தலைநகரத்துக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை. அது தெரிய வேண்டியது அந்தக் குழந்தையின் ஆசிரியருக்கு. அவருக்குத் தேவையான கருவியோ மிகவும் எளியது: மேசையில் ஒரு சாதாரண நோட்டுப் புத்தகம், பிள்ளை ஒருவனுக்கு ஒரு பக்கம், நாளுக்கு ஐந்து பிள்ளைகள், ஆளுக்கு ஒரு வரி. "கடன் வாங்குகிறான், குறைக்க மறக்கிறான், நாளை கட்டுக் குச்சி." "கொம்பு பார்க்கிறாள், கால் பார்ப்பதில்லை, அட்டை விளையாட்டு." இப்படி எழுதிய ஒரு வரிக்கு முன்பாதியும் பின்பாதியும் உண்டு; கண்டது முன்பாதி, செய்யப் போவது பின்பாதி. பின்பாதி இல்லாத குறிப்பு எத்தனை அழகாக, எத்தனை வண்ண அட்டவணைகளில் எழுதப்பட்டிருந்தாலும், அது குழந்தையைப் பற்றிய வதந்தியே தவிர மதிப்பீடு அன்று. முப்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் இவ்விதம் ஆறு நாளில் எல்லோரையும் ஒருமுறை தொட்டுவிடலாம். மாதத்தில் மூன்று முறைக்குக் குறையாமல் ஒவ்வொரு குழந்தையும் தன் ஆசிரியரின் முழுக் கவனத்தைப் பெறும். வாழ்நாளில் அவ்வளவு கவனத்தைப் பெறாத குழந்தைகள் நம் நாட்டில் எத்தனையோ பேர்.

இது ஆசிரியரின் நல்லெண்ணத்தை மட்டும் பொறுத்த விஷயமும் அன்று, சட்டத்தின் சொல். 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் இருபத்துநான்காம் பிரிவு, ஒவ்வொரு குழந்தையின் கற்கும் திறனையும் மதிப்பிட்டு, தேவைக்கேற்பக் கூடுதலாகக் கற்பிப்பதை ஆசிரியரின் கடமையாக விதித்திருக்கிறது. மதிப்பிடுதலும் கூடுதலாகக் கற்பித்தலும் ஒரே விதிக்குள் பிணைக்கப்பட்டிருப்பதைக் கவனிக்க வேண்டும். ஒன்றைச் செய்து மற்றொன்றை விட்டால் சட்டம் நிறைவேறவில்லை. அந்தக் கடமையை ஆசிரியர்மீது சுமத்திய சமூகம், அதைச் செய்வதற்கு வேண்டிய ஆளையும் நேரத்தையும் அவருக்குத் தரக் கடமைப்பட்டிருக்கிறது. வகுப்புக்கு ஓர் ஆசிரியர் என்ற நிலை வராதவரை, வளரறி மதிப்பீட்டைப் பற்றி நாம் பேசுவதெல்லாம் பாதிப் பேச்சே.

பெற்றோரிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. பள்ளியிலிருந்து திரும்பும் குழந்தையின் பையை வாங்கிக்கொண்டு "எத்தனை மார்க்கு?" என்று கேட்பது நம் வீடுகளில் அன்பின் ஒரு வடிவமாகவே ஆகிவிட்டது. அந்தக் கேள்வியை இன்று ஒரு நாளைக்கு நிறுத்திவிட்டு, குழந்தை தவறாகப் போட்ட கணக்கு ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு, கோபமின்றி, அவசரமின்றி, "இதை எப்படிப் போட்டாய், எனக்குச் சொல்லு" என்று கேட்டுப் பாருங்கள். சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள். பல வேளைகளில் அது சொல்லிக்கொண்டே வரும்போது பாதி வழியில் நின்று, தன் தவற்றைத் தானே பிடித்துவிடும்.